எஞ்சின் ஓடியது, கம்பெனி மூழ்கியது: ஜார்ஜ் சேஃபியின் வேலை வாழ்க்கையிலிருந்து

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருந்த டாங்கி கம்பெனி பம்பும் எஞ்சினும் செய்வதில் பெயர் பெற்றது. 1880களின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து அவர்களுக்கு ஒரு வடிவமைப்பு வந்தது. மர்ரே ஆற்றுத் தண்ணீரை மேலேற்றி வறண்ட நிலத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மூன்று உருளைகள் கொண்ட நீராவி எஞ்சின் வேண்டும். நீராவி முதலில் சிறிய உருளையில் முழு அழுத்தத்தோடு வேலை செய்யும், மிச்ச அழுத்தத்தோடு அடுத்த பெரிய உருளைக்குப் போகும், அங்கும் தீராததை மூன்றாவது உருளை வாங்கிக்கொள்ளும். அன்றைய கப்பல்களுக்குப் புதிதாக வந்திருந்த முறை அது. அப்படிப்பட்ட எஞ்சினை மையவிலக்கு பம்புகளோடு நேரடியாக இணைக்கச் சொன்னது அந்த வடிவமைப்பு. டாங்கி கம்பெனி உத்தரவாதம் தர மறுத்தது. பொறுப்பு முழுவதையும் தானே ஏற்பதாகச் சொல்லி, செய்து தரச் சொன்னார் அதை வடிவமைத்தவர்.

1891இல் மில்டூரா அருகே சைக்கி பெண்ட் என்ற இடத்தில் அந்த எஞ்சின் ஓடத் தொடங்கியது. 1959 வரை ஓடியது.

வடிவமைத்தவர் ஜார்ஜ் சேஃபி. கனடாக்காரர், கல்லூரிப் பட்டம் இல்லாதவர். அதற்குள் கலிஃபோர்னியாவில் இரண்டு ஊர்களையும் ஆஸ்திரேலியாவில் இரண்டு ஊர்களையும் வெற்று நிலத்தில் திட்டமிட்டு எழுப்பியவர். அந்த எஞ்சின் ஓட ஆரம்பித்து நான்கே ஆண்டுகளில், 1895இன் இறுதியில், அவருடைய கம்பெனி கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அரசு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்து, பழியில் பெரும்பங்கை அவர் மேலும் கூட்டாளியான தம்பி வில்லியம் மேலுமே போட்டது.

யாரும் நம்பாத எஞ்சினைச் சரியாகக் கணக்குப் போட்டவர் தன் கம்பெனியின் கணக்கில் எங்கே சறுக்கினார்? ஊர் மாறி, கம்பெனி மாறி, நாடு மாறி வேலைக்குப் போகும் எல்லோருக்கும் இந்தக் கேள்வியில் பங்கு உண்டு. என் பதில் இது: அவர் திறமை குறையவில்லை. முதல் இடத்தில் அவருக்குக் கேட்காமலே கிடைத்த சில வசதிகள் இரண்டாவது இடத்தில் இல்லை. இல்லாதவற்றை அவர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கவில்லை.

பட்டறையில் கற்றது

சேஃபி 1848 ஜனவரியில் கனடாவின் பிராக்வில் என்ற ஊரில் பிறந்தார். அப்பா கப்பல் கட்டுபவர். பையன் பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டு, ஒன்டாரியோ ஏரியில் ஓடும் கப்பல்களின் எஞ்சின் அறையில் தொழில் பழகப் போனான். கணக்கையும் பொறியியலையும் புத்தகம் வைத்துத் தானே படித்தான். பிறகு கிங்ஸ்டனில் அப்பாவோடு சேர்ந்து கப்பல் வடிவமைத்தபோது, குறைந்த ஆழத் தண்ணீரிலும் தரை தட்டாமல் வேகமாக ஓடும் நீராவிக் கப்பல்கள் என்று அவை பெயர் வாங்கின.

வேலை தேடும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் இது. சேஃபி பாசனம் படித்தவர் அல்ல. 32 வயது வரை வாய்க்கால் வேலையே பார்த்ததில்லை. ஆனால் நீராவி எப்படி வேலை செய்யும், தண்ணீர் எந்தச் சரிவில் எவ்வளவு வேகம் பிடிக்கும், ஒரு கட்டுமானத்துக்கு எவ்வளவு பொருளும் ஆளும் வேண்டும் என்பதெல்லாம் கப்பல் பட்டறையிலேயே அவருக்குப் பழகிவிட்டன. தாங்கி நின்றவை இந்த அடிப்படைகள்தான். டாங்கி கம்பெனி தயங்கிய அந்த எஞ்சின்கூட கப்பல் எஞ்சினைக் கரைக்குக் கொண்டுவந்ததன் விளைவே. பம்பு தயாரிப்பவர்களுக்குப் புதிதாகத் தெரிந்தது, கப்பல் எஞ்சின் அறையில் வளர்ந்தவருக்குப் புதிதல்ல.

ஆகவே உங்கள் பயோடேட்டாவில் துறையின் பெயரோடு நிறுத்தாதீர்கள். அந்தத் துறையில் இருந்து கையில் என்ன தேறியது என்பதையும் எழுதுங்கள். மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் மூன்று வருடம் இருந்தவருக்குச் சுமை ஏறினால் சூடு எங்கே கூடும் என்று தெரியும். அந்த அறிவு லிஃப்ட் கம்பெனிக்கும் வேண்டும், காற்றாலைக்கும் வேண்டும். நேர்முகத் தேர்வில் அதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். கேட்பவர் தானாகக் கண்டுபிடித்துக்கொள்வார் என்று இருக்கக் கூடாது.

நிலத்தோடு நீர்

1880இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் குடியேறியிருந்த அப்பாவைப் பார்க்கப் போனார் சேஃபி. அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் பாய்வதைப் பார்த்தார். திரும்பிப் போகும் எண்ணத்தை விட்டார். அடுத்த ஆண்டே தம்பி வில்லியமோடு சேர்ந்து மலையடிவாரத்தில் நிலம் வாங்கி எட்டிவாண்டா என்ற குடியிருப்பைத் தொடங்கினார். 1882இல் பக்கத்திலேயே 6,000 ஏக்கருக்கு மேல் வாங்கி, பிறந்த மாகாணத்தின் நினைவாக ஒன்டாரியோ என்று பெயர் வைத்தார்.

அன்றைய கலிஃபோர்னியாவில் நிலம் ஒருவர் கையில் இருக்கும், தண்ணீர் இன்னொருவர் கையில் இருக்கும். ஆற்றோரத்தில் நிலம் வைத்திருப்பவர் ஒரு உரிமை பேசுவார், முதலில் வாய்க்கால் வெட்டியவர் வேறு உரிமை பேசுவார். தண்ணீர்க் கம்பெனி வைத்ததே விலை. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பத்து ஏக்கர் வாங்கி எலுமிச்சையோ ஆரஞ்சோ வைத்த சிறு விவசாயி, காய்ப்புக்கு வருமுன் தண்ணீர் கட்டணத்திலேயே நொந்துபோவார்.

சேஃபி இதைக் காகிதத்தில் தீர்த்தார். ஆற்று நீரின் உரிமை முழுவதையும் ஒரு பரஸ்பர நீர்க் கம்பெனியிடம் ஒப்படைத்தார். நிலம் வாங்குபவருக்கு ஏக்கருக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் அந்தக் கம்பெனியின் பங்கும் சேர்ந்தே கிடைக்கும். கம்பெனி லாபத்துக்காக நடக்காது. தண்ணீர் பயன்படுத்துபவர்களே அதன் முதலாளிகள். மனைகள் விற்கவிற்க, நீரின் உரிமை சேஃபியின் கையிலிருந்து குடியேறியவர்கள் கைக்குத் தானாகவே மாறிவிடும். ஒன்டாரியோவுக்காக 1882இல் அவர் அமைத்த சான் அன்டோனியோ வாட்டர் கம்பெனி இன்றும் நடக்கிறது.

கட்டுமானத்திலும் இதே நேர்மை இருந்தது. தண்ணீரைத் திறந்த வாய்க்காலில் விடாமல் சிமெண்ட் குழாயில் விட்டார். ஒவ்வொரு பத்து ஏக்கர் மனையின் மேட்டு மூலைக்கும் குழாய் வந்தது. மேட்டு மூலையில் தண்ணீர் கிடைத்தால் மனை முழுவதற்கும் அது தானாக இறங்கிப் பாயும். முதல் மனைக்கும் கடைமடை மனைக்கும் ஒரே மரியாதை. கடைமடைக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் அதிகாரிகள் வாசலில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஒரு முடிவின் எடை நன்றாகப் புரியும். போதாத தண்ணீருக்கு, மலைப் பள்ளத்தாக்கில் ஆற்றுப் படுகைக்கு அடியில் சுரங்கம் குடைந்து அடிநீரையும் பிடித்தார்கள்.

ஊர் நடுவே மலையை நோக்கி யூக்ளிட் அவென்யூ என்ற சாலை போடப்பட்டது. அகலம் 200 அடி. நடுவில் புல்வெளி, இருபுறமும் வண்டிப்பாதை, ஓரமெங்கும் மரங்கள். ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில் இப்படியொரு சாலை எதற்கு என்று கேட்கத் தோன்றும். வாங்க வருபவன் முதலில் பார்ப்பது சாலையைத்தான் என்று சேஃபிக்குத் தெரியும். விவசாயக் கல்லூரிக்கு 1883இல் அடிக்கல் போட்டார். அதன் வழிவந்த சேஃபி கல்லூரி இன்றும் இருக்கிறது. மது காய்ச்சினாலோ விற்றாலோ நிலம் கம்பெனிக்கே திரும்பிவிடும் என்று பத்திரத்தில் எழுதினார். 1882 டிசம்பரில் எட்டிவாண்டாவில் தன் வீட்டில் மின்விளக்கு ஏற்றினார். அந்த வட்டாரத்துக்கே அது புதுமை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தெருக்களுக்கு விளக்குப் போட்ட மின்சாரக் கம்பெனியின் தலைவரும் பொறியாளரும் அவர்தான்.

1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில், பாசனக் குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்கு ஒன்டாரியோவின் சிறுவடிவத்தைச் செய்து வைத்தார்கள்.

இதில் எதை எடுத்துக்கொள்வது? உங்கள் பொறுப்பில் இருக்கும் வேலை கட்டடமோ, மென்பொருளோ, ஆலை இயந்திரமோ, எதுவானாலும் அது முடிந்தபின் யார் கைக்குப் போகிறது, யார் செலவில் ஓடப்போகிறது என்பதை வரைபடம் போடும்போதே தீர்மானிக்க வேண்டும். ஒப்படைப்பு என்பது கடைசி வாரத்தில் ஃபைலைக் கட்டிக் கொடுக்கும் சடங்கு அல்ல. சேஃபியின் சிமெண்ட் குழாயைவிட அந்த ஏக்கருக்கு ஒரு பங்கு ஏற்பாடுதான் பெரிய பொறியியல் என்பது என் தீர்மானமான கருத்து. குழாயை யாரும் புதைக்கலாம். குழாய்ச் சண்டை வராமல் ஏற்பாடு செய்வதற்குத் தனிப் படிப்பு வேண்டும்.

கையெழுத்துக்கு முன்பே கிளம்பியவர்

1885இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து ஒரு இளம் அமைச்சர் கலிஃபோர்னியா வந்தார். பெயர் ஆல்ஃபிரட் டீக்கின். வறட்சியில் நொந்துபோயிருந்த தன் நாட்டுக்குப் பாசனம் கொண்டுவர வழி தேடி வந்தவர். சேஃபி சகோதரர்களின் வேலையைப் பார்த்து வியந்துபோனார். (இந்த டீக்கின் சில ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து இங்குள்ள அணைகளையும் ஏரிகளையும் பற்றி 1893இல் ஒரு புத்தகமே எழுதினார். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் பிரதமர் ஆனார்.)

1886 பிப்ரவரியில் ஜார்ஜ் சேஃபி மெல்போர்ன் போய் இறங்கினார். மர்ரே ஆற்றங்கரையில் மில்டூரா என்ற, வறட்சியிலும் முயல் தொல்லையிலும் நொடித்துப்போன ஆட்டுப்பண்ணையைத் தேர்ந்தெடுத்தார். ஆண்டு மழை 12 அங்குலத்தைத் தொடாத இடம். அக்டோபரில் அரசோடு ஒப்பந்தம் தயாரானது: 2,50,000 ஏக்கர் நிலம், 20 ஆண்டுகளில் குறைந்தது 3,00,000 பவுண்டு செலவு. கலிஃபோர்னியாவில் இருக்கும் எல்லாவற்றையும் விற்றுவிடும்படி தம்பிக்குச் செய்தி போனது. அவசர விற்பனை என்பதால் நஷ்டத்துக்கே போயிற்று.

அதன் பிறகுதான் விக்டோரியா சட்டமன்றத்தில் எதிர்ப்பு கிளம்பியது. வெளிநாட்டுக்காரர்களுக்கு இவ்வளவு நிலமா, டெண்டர் விடாமல் எப்படி என்று கேட்டார்கள். திட்டம் பொது டெண்டருக்குப் போனது. பழைய வீட்டை விற்றாயிற்று, புது வீட்டுச் சாவி வரவில்லை. பக்கத்து மாகாணமான தென் ஆஸ்திரேலியா கூப்பிட்டதால் பிழைத்தார்கள். 1887 பிப்ரவரியில் அங்கே ரென்மார்க் என்ற ஊருக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைப் பார்த்து விக்டோரியாவும் இறங்கிவந்து, மே மாதம் மில்டூராவுக்குக் கையெழுத்துப் போட்டது.

வேலை மாறுபவர்களுக்கு இதில் ஒளிவுமறைவில்லாத இரண்டு பாடங்கள். ஒன்று எல்லோரும் சொல்வதுதான், ஆனாலும் ஒவ்வொரு மாதமும் யாராவது மீறுகிறார்கள்: கூப்பிடுபவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், அவர் வாக்குக் கொடுப்பது வேறு, அவருடைய நிறுவனம் கையெழுத்துப் போடுவது வேறு. ஆர்டர் கையில் வரும்வரை ராஜினாமா கடிதம் மேசைக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டாவது பாடத்தை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை: பேச்சு இழுக்கும்போது கெஞ்சிக் கேட்பதால் பயனில்லை, இன்னொரு வாய்ப்பு கையில் இருந்தால்தான் எதிர்த்தரப்பு அசையும். ரென்மார்க் இல்லாவிட்டால் மில்டூரா இல்லை.

மில்டூராவில் இல்லாதவை

மில்டூராவுக்கு வந்த சேஃபி ஒன்டாரியோவை அப்படியே விரித்தார். டீக்கின் அவென்யூ யூக்ளிட் அவென்யூவின் நகல். எண்ணிட்ட தெருக்கள், பத்து ஏக்கர் மனைகள், கல்லூரிக்கு இடம். பளபளப்பான விளம்பரப் புத்தகம் அச்சிட்டு பிரிட்டனில் பரப்பினார்கள். 1890இல் அங்கே 3,000 பேருக்கு மேல் குடியேறிவிட்டார்கள்.

ஒன்டாரியோவை நன்றாக நினைத்துப் பாருங்கள். அது மலைச்சரிவில் இருந்தது. தண்ணீர் மேலிருந்து தானாக இறங்கியது. குழாய் புதைத்த செலவோடு பெரிய செலவு முடிந்தது. மில்டூராவில் ஆறு கீழே ஓடுகிறது, நிலம் மேலே இருக்கிறது. ஒவ்வொரு சொட்டையும் எஞ்சின் வைத்துத் தூக்க வேண்டும். விறகு வேண்டும், ஆள் வேண்டும், உதிரிபாகம் வேண்டும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், திராட்சை விற்றாலும் விற்காவிட்டாலும், மாதாமாதம் எரிகிற செலவு. எஞ்சின் எவ்வளவு அருமையாக ஓடினாலும் இந்தச் செலவு நிற்காது.

ஒன்டாரியோவில் ஓடியது சிமெண்ட் குழாய். இங்கே நிலப்பரப்பு பெரிது, பணம் கொஞ்சம், ஆகவே மண் வாய்க்கால். செம்மணலில் வெட்டிய வாய்க்கால் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போயிற்று. போதாததற்கு யாபி என்ற நன்னீர் உயிரினம் இருந்தது. இறால் சாதி, மண்ணில் துளையிட்டு வாழ்வது. வாய்க்கால் கரையை அது இரவு பகலாகக் குடைந்தது. காலையில் மடை திறந்தால் தண்ணீர் பாதி வழியிலேயே வேறு பக்கம் போய்விடும். கசிந்த நீர் நிலத்தடியில் சேர்ந்து, மண்ணுக்குள் இருந்த உப்பை மேலே தூக்கியது. வடிகால் போடப்படவில்லை. பச்சை பிடித்த தோட்டங்களில் வெள்ளை பூத்தது.

ஒன்டாரியோ வழியே ரயில் ஓடியது. பறித்த பழம் கெடுமுன் சந்தைக்குப் போனது. மில்டூராவுக்கு ரயில் வந்தது 1903இல்தான். அதுவரை ஆற்றில் படகு. ஆற்றில் தண்ணீர் வற்றினால் படகு நிற்கும், பழம் அழுகும். இதற்கு நடுவே 1893இல் ஆஸ்திரேலிய வங்கிகள் வரிசையாகக் கதவைச் சாத்தின. நிலம் வாங்க ஆளில்லை. நிலம் விற்ற பணத்தில்தான் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. குடியேறியவர்கள் தண்ணீர்க் கட்டணம் யார் தலையில் என்று தகராறு பண்ணினார்கள். கலிஃபோர்னியாவில் நிலத்தோடு நீரைக் கட்டிவைத்த அந்தக் காகித ஏற்பாடு, நீர் அரசுக்குச் சொந்தம் என்று சொன்ன விக்டோரியாச் சட்டத்தின் கீழ் அதே பலத்தோடு நிற்கவில்லை.

சரிவு, ரயில், சட்டம், வங்கி. ஒன்டாரியோவில் இந்த நான்கையும் சேஃபி உண்டாக்கவில்லை. அவை அங்கே இருந்தன. அவர் வெற்றியில் அவற்றின் பங்கு கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்தது. யாருக்கும் இப்படித்தான் நேரும். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் மூன்று மாதத்தில் ப்ராஜெக்ட் முடித்துக் காட்டியவர், கோவையில் ஒரு சிறு கம்பெனிக்கு இரட்டைச் சம்பளத்தில் போகிறார். பழைய இடத்தில் பர்ச்சேஸ் பிரிவு இருந்தது, பழக்கமான சப்ளையர்கள் இருந்தார்கள், கணக்குப் பார்க்க ஆள் இருந்தார், தவறு நடந்தால் தாங்கிக்கொள்ளும் பணம் இருந்தது. புது இடத்தில் அவரைத் தவிர எதுவும் இல்லை. ஆறு மாதத்தில் இவர் சரியில்லை என்று பேச்சு வருகிறது. அவர் அதே ஆள்தான்.

ரென்மார்க்கின் கதையையும் சொல்லிவிட வேண்டும். அதே சகோதரர்கள், அதே ஆறு, அதே மண், அதே நெருக்கடி. ஆனால் அங்கே குடியேறியவர்கள் 1893இலேயே பாசன அறக்கட்டளை ஒன்றைச் சட்டப்படி அமைத்துப் பம்பையும் வாய்க்காலையும் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி விழுந்தபோது ரென்மார்க் விழவில்லை. அந்த அறக்கட்டளை இன்றும் தண்ணீர் கொடுக்கிறது. மில்டூராவில் அந்தப் பொறுப்பு மாற்றம் 1895இல், எல்லாம் கைமீறிய பிறகு வந்தது.

நீங்கள் குழுத் தலைவராக இருந்தால் இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். திட்டம் தடுமாறும்போது பொறுப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வது இயல்பு. பயன்படுத்துகிறவர்களிடம் சீக்கிரம் கொடுத்துவிடுவது கடினம், கௌரவக் குறைவாகவும் தோன்றும். ரென்மார்க்கைக் காப்பாற்றியது அந்த இரண்டாவது வழிதான்.

தம்பி தங்கினார்

1897இல் ஜார்ஜ் அமெரிக்காவுக்குத் திரும்பினார். வயது 49. கையில் பணம் அநேகமாக இல்லை. தம்பி வில்லியம் மில்டூராவிலேயே இருந்துவிட்டார்.

தங்குவது எளிதாக இருந்திருக்காது. எந்தத் தெருவில் நடந்தாலும் தன் கம்பெனியை நம்பிப் பணத்தை இழந்தவர் எதிரே வருவார். வில்லியம் தன் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, மற்ற விவசாயிகளில் ஒருவராக வாழ்ந்தார். உலர்திராட்சைதான் அந்த ஊரின் வழி என்று உறுதியாக நின்றார். புதுப்பழம் போல அது அழுகாது, படகு தாமதமானாலும் தாங்கும். விலையைத் தனித்தனியாக அடித்துக்கொள்ளாமல் சேர்ந்து விற்க உலர்பழச் சங்கத்தைக் கட்டியவர்களில் முன்னணியில் நின்று அதன் தலைவரானார். 1903இல் உள்ளாட்சித் தலைவர். அதே ஆண்டு ரயிலும் வந்தது. 1920இல் மில்டூரா நகரமானபோது அதன் முதல் மேயர். 1926இல் இறந்தார். டீக்கின் அவென்யூவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

தோல்விக்குப் பிறகு ஊரை விட்டுப் போவதா, அங்கேயே இருந்து சரிசெய்வதா என்று கேட்டால் எல்லோருக்கும் பொதுவான பதில் இல்லை. ஜார்ஜுக்குப் புது நிலம் வேண்டும், அவர் இயல்பு அது. ஆனால் வேலை ஆலோசனை என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் ஜார்ஜ் பக்கமே பேசுகிறோம்: மாறு, தாவு, அடுத்ததைப் பார் என்கிறோம். வில்லியம் செய்ததை யாரும் சொல்லித்தருவதில்லை. கெட்டுப்போன பெயரை அதே இடத்தில் இருபது ஆண்டுகள் உழைத்து மீட்பதும் ஒரு தொழில்வழிதான். சொந்த ஊரில் கடை நொடித்தவர், அலுவலகத்தில் ஒரு திட்டம் கெட்டுத் தலைகுனிந்தவர், இவர்களிடம் நான் முதலில் சொல்லும் பெயர் வில்லியம் சேஃபி.

ஐம்பதுக்கு மேல்

ஜார்ஜின் இரண்டாம் சுற்று 52 வயதில் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் தென்கோடியில் கொலராடோ பாலைவனம். 1880களிலேயே அந்த இடத்தைப் பார்த்து, இந்த வெயிலில் மனிதர் வேலை செய்ய முடியாது என்று ஒதுக்கியவர் அவர். மில்டூராவில் அதே வெயிலில் ஆயிரக்கணக்கானோர் உழைத்ததைப் பார்த்த பிறகு எண்ணத்தை மாற்றிக்கொண்டார். தோற்ற இடத்திலிருந்தும் கொண்டுவர ஏதோ இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1900 ஏப்ரலில் சார்லஸ் ராக்வுட் என்பவரின் கலிஃபோர்னியா டெவலப்மெண்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். போட்ட பிறகுதான் கம்பெனி கடனில் இருப்பதும், இருப்பதாகச் சொன்ன சில நில உரிமைகள் காலாவதியாகிவிட்டதும் தெரிந்தன. ஆஸ்திரேலியாவில் பட்டும், கையெழுத்துக்கு முன் விசாரிக்கும் பழக்கம் அவருக்கு வரவில்லை. கம்பெனியில் சேருமுன் அதன் கணக்கையும் வழக்குகளையும் விசாரிப்பது இன்று எவ்வளவோ எளிது. ஐந்து வருடத்து ஆண்டறிக்கை, அங்கே வேலை பார்த்து வெளியேறிய இருவரோடு பேச்சு, சம்பளம் தேதிக்கு வருகிறதா என்ற ஒரு கேள்வி. ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

இருந்தாலும் வேலையைச் செய்தார். பழைய வறண்ட ஆற்றுத்தடம் ஒன்று மெக்சிகோ வழியாக வளைந்து கலிஃபோர்னியாவுக்குள் வந்தது. புதிதாக முழுக் கால்வாய் வெட்டாமல் அந்தத் தடத்தையே கால்வாயாக்கினார். 1901இல் கொலராடோ ஆற்று நீர் பாலைவனத்தில் பாய்ந்தது. பாலைவனம் என்ற பெயர் ஆட்களைப் பயமுறுத்துகிறது என்று அந்தப் பள்ளத்தாக்குக்கு இம்பீரியல் வேலி என்று பெயர் வைத்தவரும் அவரே. 1902இல் உட்பூசலில் கம்பெனியை விட்டு வெளியேற வேண்டிவந்தது.

கொலராடோ வண்டல் நிறைந்த ஆறு. கால்வாயின் முகப்பு சீக்கிரமே தூர்ந்தது. சேஃபி தலைமதகின் தளத்தை உயரமாக வைத்ததுதான் காரணம் என்று ராக்வுட் சொன்னார். சேஃபி இருந்திருந்தால் தூர்வாரி ஓட்டியிருப்பார் என்று அவர் பக்கத்தார் சொன்னார்கள். எது எப்படியோ, 1904இல் கம்பெனி அவசரத்துக்கு மெக்சிகோ பக்கம் கரையை வெட்டிப் புது வழி திறந்தது. அங்கே கட்டுப்படுத்தும் மதகு வைக்கவில்லை. 1905இல் வெள்ளம் வந்து ஆறே அந்த வெட்டு வழியாகத் திரும்பி, இரண்டு ஆண்டுகள் பள்ளத்தாக்குக்குள் பாய்ந்தது. சால்டன் கடல் என்று இன்று வரைபடத்தில் இருக்கும் ஏரி அப்படி உண்டானது. சதர்ன் பசிபிக் ரயில்வே கற்களையும் மண்ணையும் வண்டி வண்டியாகக் கொட்டி 1907 பிப்ரவரியில் உடைப்பை அடைத்தது.

பராமரிப்பை ஒத்திப்போட்டு, அவசரத்துக்குக் குறுக்குவழி வெட்டி, அதற்குப் பாதுகாப்பு வைக்காமல் விடுவது எந்தச் சைட்டிலும் எந்த அலுவலகத்திலும் நடக்கிறது. உங்கள் மேலதிகாரி தற்காலிகம் என்று சொல்லும் எந்த ஏற்பாட்டுக்கும், அதை எப்போது அகற்றுவது, அதுவரை யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்பதால் உங்கள் மேல் கோபம் வரலாம். கேட்டு வைத்த அந்த ஒரு மின்னஞ்சல் பின்னால் உங்களைக் காக்கும்.

சேஃபி அதற்குப் பிறகும் நிற்கவில்லை. மகன் ஆண்ட்ரூவோடு வங்கித் தொழிலில் இறங்கினார். 1910இல் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் மான்சனார் என்ற ஆப்பிள் தோட்ட ஊரைத் தொடங்கினார். அந்தப் பள்ளத்தாக்கின் நீரை லாஸ் ஏஞ்சலஸ் நகரம் வாங்கிக்கொண்டதும் 1920களின் இறுதிக்குள் அந்த ஊர் காலியாகிவிட்டது. ஒன்டாரியோவும் மில்டூராவும் ரென்மார்க்கும் நின்றன. 1932 மார்ச் 1 அன்று 84 வயதில் சான் டியாகோவில் சேஃபி இறந்தபோது, சைக்கி பெண்ட் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வேலைக்கான ஆஃபர் உங்கள் மின்னஞ்சலில் வந்து கிடக்கிறது என்றால், சம்பளப் பகுதியைப் பார்த்த கையோடு பதில் அனுப்பாதீர்கள். ஒரு தாளை எடுத்து, இப்போது இருக்கும் இடத்தில் நீங்கள் கேட்காமலே உங்களுக்குக் கிடைப்பவற்றை எழுதுங்கள்: ஆட்கள், கருவி, பழக்கமான சப்ளையர், உங்களுக்காகப் பேசும் ஒரு மேலதிகாரி, தாமதத்தைத் தாங்கும் பணம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, புது இடத்தில் இது இருக்கிறதா, இல்லாவிட்டால் யார் தருவார்கள், எத்தனை மாதத்தில் என்று குறியுங்கள். காலியாக நிற்கும் வரிகளை அப்படியே கேள்விகளாக மாற்றி, கையெழுத்துக்கு முன் அவர்களிடம் கேளுங்கள்.